வாசகர் கேள்வி – பதில்: திருகோணமலையில் நடையும் சைக்கிளும்

கேள்வி: எனக்கு நடை பிடிக்கும், பதின்மூன்று வயது மகனுக்குச் சைக்கிள்தான் உயிர். இருவரும் ஒரே வழியில் சேர்ந்து போகக்கூடிய பாதைகள் நம் ஊரில் உண்டா?
— வாசகி ஒருவர், உப்புவெளி

பதில்: உண்டு. நடப்பவர்களுக்கும் சைக்கிளில் செல்பவர்களுக்கும் என்றே அமைத்த பாதைகளைத் தேடாமல், ஏற்கெனவே உள்ள வழிகளை நீங்களே ஒன்றோடொன்று இணைத்துக்கொள்ளுங்கள். எந்த வழியானாலும் முதல் தடவை இருவரும் நடந்தே போய்ப் பாருங்கள் என்பது என் உறுதியான கருத்து. மணல் எங்கே சக்கரத்தை விழுங்கும், நிழல் எங்கே முடிகிறது, நாய்கள் எந்தத் திருப்பத்தில் துரத்தும் என்பதெல்லாம் காலுக்குத்தான் முதலில் தெரியவரும்.

தொடக்கத்துக்குக் கோட்டைப் பகுதி மிக நல்லது. 17ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கேயர் எழுப்பிய கோட்டையின் வாசலிலிருந்து கோணேசர் கோயில் வரை ஏறும் பாதையில் பக்தர்களும் புள்ளிமான்களும் கலந்தே நடமாடுவதால், அங்கே மகன் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு உங்களோடு நடப்பதே முறை. கோட்டைக்குள் படையினரும் இருப்பதால் அனுமதித்த வழியை விட்டு விலக வேண்டாம். இறங்கி வந்தபின் டச்சு விரிகுடாக் கரையையும் உள்துறைமுக வீதியையும் தொடர்ந்தால், ஒரே காலையில் வெளிக்கடலையும் துறைமுகத்தையும் பார்த்துவிடலாம். நம் ஊருக்கு வாய்த்த இந்தப் பேறு வேறெங்கும் எளிதில் கிடைக்காது.

உங்கள் வீட்டுப் பக்கத்தில் உப்புவெளிக் கடற்கரையே போதும். நம் கரையில் கடல் ஏறி இறங்கும் அளவு ஒரு மீற்றருக்கும் குறைவு என்பதால், அலை நனைத்து இறுகிய மணற்பட்டை ஒடுக்கமாகவே இருக்கும். அந்தப் பட்டையில்தான் சைக்கிள் ஓடும் என்பதால், நடப்பவரும் ஓட்டுபவரும் இடம் பகிரப் பழகவேண்டியதும் அங்கேதான். ஓட்டுபவர் தூரத்திலேயே மணி அடித்து வேகத்தைக் குறைக்க வேண்டும். நடப்பவருக்கே எப்போதும் முதலுரிமை. கரைவலை இழுக்கும் நேரத்தில் கயிற்றின்மேல் சக்கரத்தை ஏற்றாமல், இறங்கிச் சுற்றிப் போகச் சொல்லுங்கள். அது மீனவர்களின் பிழைப்பு.

கன்னியா வெந்நீர்க் கிணறுகள் நகரிலிருந்து ஏறக்குறைய 8 கிலோமீற்றர். அநுராதபுர வீதியில் லொறிகளும் பஸ்களும் விரைவதால், சிறுவனைத் தனியே அனுப்பவேண்டாம். 2009இல் திறந்த கிண்ணியாப் பாலத்தை நடந்து கடப்பது இனிமையானது. பாலம் வரை பஸ்ஸில் போங்கள்.

மே முதல் செப்டெம்பர் வரை மழை குறைவு, வெயில் கடுமை. விடியற்காலையில் புறப்பட்டு ஒன்பது மணிக்குள் திரும்பிவிடுவது நல்லது. வடகீழ்ப் பருவமழை தொடங்கியபின் கடற்கரை ஓட்டத்தை நிறுத்திவிடுங்கள்.

கேள்வி: கடற்கரையில் ஓட்டினால் சைக்கிள் துருப்பிடிக்குமா?
— வாசகர் ஒருவர், நிலாவெளி

பதில்: கட்டாயம் பிடிக்கும். வீடு திரும்பியதும் நல்ல தண்ணீரால் சங்கிலி, சக்கரக் கம்பிகள், பிறேக் எல்லாவற்றையும் கழுவி, துணியால் துடைத்து, நன்றாக உலர்ந்தபிறகே சங்கிலிக்கு எண்ணெய் விடுங்கள். மணல் ஒட்டியிருக்கும்போது எண்ணெய் விட்டால், இரண்டும் கலந்து பற்சக்கரத்தைத் தேய்த்துவிடும். கடல் நீருக்குள் மட்டும் சைக்கிளை இறக்கவே வேண்டாம். சக்கரத்தின் நடுவே உள்ள குண்டுகளுக்குள் உப்பு புகுந்துவிட்டால் வெளியே கழுவிப் பயனில்லை, கடையில் கழற்றித்தான் ஆகவேண்டும்.