செம்பனைத் தோட்ட வேலைக்கு செய்கோ 5 தாங்குமா?

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் செம்பனைத் தோட்டத்தில் மண்டோராக (வேலையாட்களை மேற்பார்ப்பவராக) இருக்கிறீர்கள். விலை குறைந்த இராணுவ பாணி ஆட்டோமேட்டிக் கடிகாரமாக செய்கோ 5 எஸ்என்கே809 சரிவருமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

சரிவரும். அகலம் 37 மில்லிமீட்டர்தான், சட்டைக் கையில் மாட்டாது. வெளிவட்டத்தில் நிமிடம், உள்வட்டத்தில் மணி: இரண்டாம் உலகப்போர் கால ஜெர்மன் விமானிகளின் கடிகார அமைப்பு இது.

பேட்டரி கிடையாது. கை அசைய அசைய உள்ளே ரோட்டார் என்ற எடைத்தகடு சுழன்று ஸ்பிரிங்கை முறுக்கும். முழுதாக ஏறினால் சுமார் 40 மணி நேரம் ஓடும். சனிக்கிழமை மதியம் கழற்றி வைத்தால் திங்கள் காலை பெரட்டுக்கு (வேலைக்கு முன் ஆள் கணக்கெடுக்கும் கூட்டத்துக்கு) புறப்படும்போது நின்றிருக்கும். இதன் உள்ளே இருக்கும் 7எஸ்26 இயந்திரத்தைத் திருகு சுற்றிச் சாவி கொடுக்க முடியாது. குலுக்கித்தான் எழுப்ப வேண்டும். ஒரு நாளைக்கு 20 விநாடி பின்னால், 40 விநாடி முன்னால் வரை போவது கம்பெனியே சொல்லும் கணக்கு. பெரட்டுக்கு அது போதும், ரயிலுக்கு வேண்டாம்! அப்புறம், இரவு 9 முதல் அதிகாலை 4 வரை தேதியை மாற்றாதீர்கள், பற்சக்கரம் கெடும்.

தண்ணீர்தான் இதன் பலவீனம். 30 மீட்டர் என்று போட்டிருந்தாலும் மழைச்சாரலுக்கு மட்டுமே. ஆற்றில் இறங்கும்போது கழற்றிவிடுங்கள். நைலான் வார் வியர்வையில் நாறும், சோப்புப் போட்டுக் கழுவலாம்.

கொஞ்சம் கூடுதலாகச் செலவழிக்க முடிந்தால், செய்கோ 5 ஸ்போர்ட்ஸ் ஃபீல்டு வகையைப் பாருங்கள். 4ஆர்36 இயந்திரம், கையாலும் சாவி கொடுக்கலாம், 100 மீட்டர் தாங்கும். நானாக இருந்தால் அதைத்தான் எடுப்பேன்.