கேமரா திரும்பிக்கொள்ளும் இடம்: 'தி பப்ளிக் எனிமி' கேள்வி பதில்

1931-ல் வார்னர் பிரதர்ஸ் தயாரித்து வில்லியம் வெல்மன் இயக்கிய படம். சிகாகோவில் சில்லறைத் திருட்டில் ஆரம்பித்து, மதுவிலக்குக் காலத்தில் கள்ள பீர் விற்றுப் பணம் பார்த்து, அதிலேயே செத்துப்போகிற டாம் பவர்ஸின் கதை. டாமாக நடித்த ஜேம்ஸ் கேக்னி இதற்குப் பிறகுதான் பெரிய நட்சத்திரம் ஆனார். கடைசிக் காட்சி வரை பேசப்போகிறேன். பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வாருங்கள், ஒன்றரை மணி நேரம்கூட ஆகாது.

மதுவிலக்கு என்கிறார்கள், ஆனால் படம் முழுக்க எல்லோரும் குடித்துக்கொண்டே இருக்கிறார்களே சார், எப்படி?

அமெரிக்க அரசியல் சட்டத்தின் 18-வது திருத்தம் தடை செய்தது மதுவைத் தயாரிப்பதையும் விற்பதையும் கொண்டுபோவதையும்தான். குடிப்பதைக் குற்றம் என்று அது சொல்லவில்லை. தடை வருவதற்கு முன்பே வாங்கி வீட்டில் வைத்திருந்தால் உட்கார்ந்து குடிக்கலாம். அதனால்தான் படத்தில் '1920' என்று எழுத்து வந்ததும் கடைசி நாள் கூட்டம் காட்டப்படுகிறது. ஒரு பூக்கடை வண்டியிலிருந்து பூக்களை வாரித் தெருவில் கொட்டிவிட்டுப் புட்டிகளை அடுக்குகிறார்கள். குழந்தையைத் தள்ளிக்கொண்டு போகிற வண்டியிலும் புட்டிதான்.

சட்டம் 1920 ஜனவரி 17-ல் நடைமுறைக்கு வந்தது, 1933 டிசம்பர் 5-ல் ஒழிந்தது. படம் வந்தது 1931-ல். அதாவது அன்றைக்கு இதைப் பார்த்தவர்களுக்கு இது பழைய கதை இல்லை. படம் விட்டு வெளியே வந்து, பக்கத்துச் சந்தில் கதவைத் தட்டி, டாம் மாதிரி ஒருவன் இறக்கிவிட்டுப்போன பீரை வாங்கிக் குடித்திருப்பார்கள்.

இந்தப் படம் என்றாலே ஒரு பழத்தைப் பற்றித்தான் எழுதுகிறார்கள். அப்படி என்ன இருக்கிறது அதில்?

கிரேப்ஃப்ரூட். பம்பளிமாஸுக்கும் ஆரஞ்சுக்கும் பிறந்த பழம், பாதியாக வெட்டி ஸ்பூனால் தோண்டிச் சாப்பிடுவார்கள். காலை நேரம், டாம் தூங்கி எழுந்து பைஜாமாவோடு வருகிறான். வந்ததும் குடிக்க ஏதாவது இருக்கிறதா என்கிறான். கூட இருக்கிற காதலி கிட்டி காலையிலேயே வேண்டாமே என்கிறாள். அவளுக்குத் தன்மேல் அவனுக்குச் சலித்துவிட்டதோ என்று பயம், அதையும் தயங்கித் தயங்கிக் கேட்டுவிடுகிறாள். மேஜையில் இருக்கிற அரைப்பழத்தை எடுத்து அவள் முகத்தில் வைத்துத் தேய்த்துவிட்டுப் போகிறான். சில நொடிதான்.

ஹைமி வைஸ் என்ற சிகாகோ ரவுடி தன் காதலி முகத்தில் ஆம்லெட்டை அடித்த கதைதான் இதற்கு மூலம் என்று கேக்னி தன் சுயசரிதையில் சொல்கிறார். ஆம்லெட் என்றால் அசிங்கமாக வழியும், பழம் தேவலை என்று மாற்றினார்களாம். பிற்காலத்தில் அவர் ஓட்டலுக்குப் போனால் யாராவது ஒரு கிரேப்ஃப்ரூட்டை அவர் மேஜைக்கு அனுப்பிவைப்பார்களாம்.

பலர் இதை நகைச்சுவையாக எழுதுகிறார்கள். எனக்குச் சிரிப்பு வந்ததே இல்லை. கிட்டியாக நடித்த மே கிளார்க் அதே வருஷம் 'ஃபிராங்கன்ஸ்டைன்' படத்தின் கதாநாயகி, 'வாட்டர்லூ பிரிட்ஜ்' முதல் பதிப்பில் அருமையான நடிப்பு. ஆனால் அவரை நினைவில் வைத்திருப்பது பழத்துக்காக.

சின்ன வயசுக் காட்சியில் டாமாக வருகிற பையனுக்குக் கேக்னி ஜாடையே இல்லை. தோழன் மேட்டாக வருகிறவன்தான் கேக்னி மாதிரி இருக்கிறான். எனக்கு மட்டும்தான் இப்படித் தோன்றுகிறதா?

உங்கள் கண் சரியாகத்தான் இருக்கிறது. முதலில் டாம் வேஷம் எட்வர்ட் வுட்ஸுக்கு, மேட் வேஷம் கேக்னிக்கு. படப்பிடிப்பு தொடங்கிய பிறகு, ஆள் மாறி உட்கார்ந்திருக்கிறது என்று புரிந்து இருவரையும் இடம் மாற்றினார்கள். சிறுவர்கள் காட்சிகளை மட்டும் திரும்ப எடுக்கவில்லை. வார்னர் பிரதர்ஸ் காசில் கெட்டி.

கேங்ஸ்டர் படம் என்று உட்கார்ந்தால் ஒரு கொலையைக்கூட ஒழுங்காகக் காட்டவில்லை. ஏமாற்றம்தான் அண்ணா.

தம்பி, எனக்கு இந்தப் படம் பிடிக்கக் காரணமே அதுதான். முதல் தடவை இரவில், வீட்டில் எல்லோரும் தூங்குகிறார்கள் என்று சத்தத்தைக் குறைத்துவைத்துப் பார்த்தேன். பாதிப் படம் போய்விட்டது. இது காதால் பார்க்கவேண்டிய படம். ஹாலிவுட்டில் பேசும்படம் வந்து நாலு வருஷம்தான் ஆகியிருந்தது, வெல்மன் அதற்குள் சத்தத்தை என்னவெல்லாம் செய்யலாம் என்று கண்டுபிடித்துவிட்டார்.

பட்டி நோஸ் கொலையை எடுத்துக்கொள்ளுங்கள். டாமையும் மேட்டையும் சிறுவயதில் திருட்டில் இறக்கிவிட்டு, ஆபத்து வந்ததும் கைவிட்டு ஓடிய ஆள். வருஷங்கள் கழித்து அவன் அறைக்கே வந்துவிடுகிறார்கள். மண்டியிட்டுக் கெஞ்சுகிறான். உங்களுக்கு அந்தப் பாட்டு ஞாபகம் இருக்கிறதா என்று பியானோவில் உட்கார்ந்து பழைய பாட்டைப் பாட ஆரம்பிக்கிறான். டாம் பின்னால் நின்று சிரித்துக்கொண்டே கையைக் கோட்டுக்குள் விடுகிறான். அந்த நொடியில் கேமரா மெல்ல நகர்ந்து, கதவருகே நிற்கிற மேட்டிடம் போய்விடுகிறது. துப்பாக்கிச் சத்தம். பாட்டு தொண்டையில் அறுந்துபோகிறது. சரிகிற உடம்பு பியானோ கட்டைகளில் விழுந்து கன்னாபின்னாவென்று ஒரு சத்தம். நாம் பார்ப்பது மேட்டின் முகத்தை மட்டும். டாம் வருகிறான், சரி, க்வென்னுக்கு (அவனுடைய புதுக் காதலி) ஒரு போன் போடலாம் என்கிறான். இதைக் காட்டியிருந்தால் பத்தோடு பதினொன்றாகப் போயிருக்கும்.

மேட்டின் சாவுக்கான கடைசிப் பழிவாங்கலும் அப்படியே. கொட்டுகிற மழையில் டாம் எதிரிக் கும்பல் இருக்கிற இடத்துக்குள் தனியாக நுழைகிறான். நாம் தெருவிலேயே நிற்கிறோம். உள்ளே வெடிச்சத்தம், அலறல். குண்டடிபட்டு வெளியே தள்ளாடி வருகிறான், தான் அப்படியொன்றும் பெரிய முரடன் இல்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு தெருவோரத் தண்ணீரில் விழுகிறான்.

குதிரையைப் பழிக்குப் பழி சுடுவது கொஞ்சம் ஓவர் இல்லையா? திரைக்கதை ஆசிரியர் கற்பனைக்கு அளவே இல்லை போல!

சிகாகோவில் 'நெய்ல்ஸ்' மார்ட்டன் என்ற ரவுடி 1923-ல் லிங்கன் பூங்காவில் சவாரி போனபோது குதிரையால் செத்தது நிஜம். அவன் கூட்டாளிகள் அந்தக் குதிரையைக் கொண்டுபோய்ச் சுட்டார்கள் என்பது அந்த ஊரில் காலங்காலமாகச் சொல்லப்படும் கதை. படத்தில் பெயரைக்கூடப் பெரிதாக மாற்றவில்லை, 'நெய்ல்ஸ்' நேத்தன். மூலக்கதையை எழுதிய ஜான் பிரைட்டும் கியூபெக் கிளாஸ்மனும் சிகாகோவை நேரில் அறிந்தவர்கள், அதற்காக ஆஸ்கர் பரிந்துரையும் கிடைத்தது. அப்புறம், கவனித்தீர்களா? குதிரைச் சாவும் லாயத்துக்குள்தான். நமக்குச் சத்தம் மட்டும்.

மெஷின் கன் காட்சியில் சுடுவது நிஜக் குண்டு என்கிறார்களே?

நிஜம்தான். சுவரில் வெடி புதைத்து வெடிக்கவைக்கிற வித்தை அன்று வழக்கத்தில் இல்லை. குறி தவறாத ஒருவரை வைத்து நிஜக் குண்டாலேயே சுவரைப் பெயர்த்தார்கள். கேக்னி மூலையில் பதுங்கி விலகியதும் அங்கே சிதறுகிறது பாருங்கள், அது நடிப்பு இல்லை.

ஆனால் எனக்குப் பிடித்தது அதற்கு முந்தின நிமிஷம். தெருவில் ஒரு லாரி நிலக்கரியைக் கொட்டுகிறது. தடதடவென்ற சத்தத்தில் டாமும் மேட்டும் பதறி, அப்புறம் சிரித்துக்கொள்கிறார்கள். நாமும் மூச்சு விடுகிறோம். அப்போதுதான் உண்மையான சுடுதல், மேட் சாய்கிறான்.

'யூ டர்ட்டி ராட்' வசனம் எந்த இடத்தில் வருகிறது? இரண்டு தடவை தேடிவிட்டேன்.

இதில் இல்லை. 1932-ல் வந்த 'டாக்ஸி!' படத்தில் அதற்குக் கிட்டத்தில் ஒன்று பேசுவார். மிமிக்ரிக்காரர்கள் உருவாக்கிய வசனம் அது.

க்வென்னாக வருகிற ஜீன் ஹார்லோவை எல்லோரும் புகழ்கிறார்கள், இதில் எனக்குச் சுமாராகத்தான் தெரிகிறார்.

எனக்கும். படப்பிடிப்பின்போது அவருக்கு 20 வயதுகூட நிரம்பவில்லை. பின்னால் நன்றாகத் தேறினார்.

இந்த மாதிரிப் படங்கள் ரவுடியை ஹீரோ ஆக்குவதாகத்தானே தணிக்கை வந்தது? உங்கள் கருத்து என்ன?

படத்தின் தொடக்கத்தில் வரும் எழுத்து அட்டையிலேயே, ரவுடியைப் புகழ்வது நோக்கமில்லை, சமுதாயத்தில் இருக்கிற ஒரு சூழலைக் காட்டுகிறோம் என்று போடுகிறார்கள். பெயரும் அப்படித்தான். 'பப்ளிக் எனிமி', அதாவது மக்கள் விரோதி. 1930-ல் சிகாகோ குற்றத் தடுப்பு ஆணையம் ஒரு பட்டியல் வெளியிட்டு அல் கபோனை முதலிடத்தில் வைத்தபோது பிரபலமான சொல். அட்டையை நம்பித்தான் எடுத்தார்கள் என்றே நினைக்கிறேன். ஆனால் கேக்னி உள்ளே வந்ததும் அட்டை மறந்துபோகிறது. நியாயமாகப் பேசுகிற அண்ணன் மைக் மரக்கட்டை மாதிரி இருக்கிறார், அயோக்கியன் நடனக்காரனின் கால்களோடு நடக்கிறான்.

இருந்தாலும் பீர் பீப்பாய்க் காட்சியில் படம் மைக்குக்கு ஒரு வாய்ப்புக் கொடுக்கிறது. போரிலிருந்து அவர் திரும்பியதும் குடும்ப விருந்து. மேஜை நடுவில் டாம் கொண்டுவந்த ஒரு பீப்பாய், எதிரில் இருப்பவர் முகமே தெரியாத அளவுக்குப் பெரிசு. எல்லோரும் அதைச் சுற்றி எட்டிப் பார்த்துப் பேசுகிறார்கள். இதில் இருப்பது பீரும் ரத்தமும் என்று மைக் வெடிக்கிறார். டாம் அசராமல், ஜெர்மானியரின் கையைப் பிடித்துக்கொண்டிருந்தா அந்தப் பதக்கங்களை வாங்கினாய் என்கிறான். அந்தக் கேள்விக்குப் படத்தில் யாரும் பதில் சொல்லவில்லை.

1934-ல் தணிக்கை விதிகள் இறுகின. பிற்பாடு மறுவெளியீட்டுக்காகச் சில காட்சிகளை வெட்டினார்கள். இப்போது கிடைக்கிற பதிப்பில் அவை திரும்பச் சேர்க்கப்பட்டிருக்கின்றன.

கடைசியில் டாமின் அம்மா கீழே இறங்கி வந்து பார்த்தாரா? அதை நினைத்து எனக்கு இரண்டு நாள் தூக்கமில்லை.

மருத்துவமனையிலிருந்து எதிரிகள் டாமைக் கடத்திவிட்டார்கள். வீட்டுக்கு ஒரு தொலைபேசி அழைப்பு, டாம் வருகிறான் என்று. அம்மா சந்தோஷமாக மாடிக்கு ஓடி, படுக்கையை விரித்து, வாய்க்குள் பாடிக்கொண்டிருக்கிறார். கீழே கிராமபோனில் 'ஐ'ம் ஃபாரெவர் ப்ளோயிங் பபிள்ஸ்'. கதவு தட்டப்படுகிறது. மைக் திறக்கிறார். தலை முதல் கால் வரை கட்டுத்துணி, மேலே கயிறு, நிற்கவைக்கப்பட்ட பிணம். ஒரு கணம் ஆடி, நம்மை நோக்கி முகம் குப்புற விழுகிறது.

மைக் எழுந்து நடந்து வெளியேறிவிடுகிறார். மாடிக்குப் போனாரா, என்ன சொன்னார், எதையும் காட்டவில்லை. பாட்டு தீர்ந்த பிறகும் இசைத்தட்டு சுற்றுகிறது, ஊசி கரகரவென்று தேய்கிறது. படம் முடியும்போதும் அம்மா மேலேதான் இருக்கிறார்.