வேலைக்குப் போனால் தீசிஸ் நின்றுவிடுமா?

மதிப்பிற்குரிய மேடம்,

எனக்கு 29 வயது. பாபநாசம் பக்கம், குடமுருட்டி ஆற்றங்கரையில் ஒரு கிராமம். மைக்ரோபயாலஜியில் முழுநேர பி.எச்டி. செய்துகொண்டிருக்கிறேன். ஜே.ஆர்.எஃப். என்ற அரசின் ஆராய்ச்சி உதவித்தொகைக்குத் தேர்வானதால் ஐந்து வருடம் ஃபெல்லோஷிப் வந்தது. கடைசியில் மாதம் 42,000 ரூபாய், அதுபோக வீட்டு வாடகைப் படி. சில சமயம் மாதக்கணக்கில் வராமல் மொத்தமாக வரும். ஆனாலும் வந்துவிடும். அந்த ஐந்து வருடம் இப்போது முடிந்துவிட்டது. தீசிஸ் (ஆய்வேடு) முடியவில்லை.

வேதாரண்யம், தலைஞாயிறு பக்கம் உப்பேறிய வயல்களில் மண் எடுத்து, அதில் உப்பைத் தாங்கி வாழும் பாக்டீரியாக்களைப் பிரித்து, அவை நெல் நாற்றுக்கு உதவுமா என்று பார்ப்பதுதான் என் ஆராய்ச்சி. மண் எடுக்கப் போனபோது ஒரு பெரியவர், "கஜா புயலுக்கு அப்புறம் எத்தனையோ பேரு வந்து மண்ண அள்ளிட்டுப் போனாங்க, ஒருத்தரும் திரும்பி வந்து என்னன்னு சொல்லல. நீயாவது சொல்லும்மா" என்றார். லேப் வேலை முழுக்க முடிந்தது. ஒரு கட்டுரை ஜர்னலில் வந்துவிட்டது. தீசிஸில் மூன்று அத்தியாயங்களை கைடு (ஆராய்ச்சி வழிகாட்டி) பார்த்துத் திருத்திக் கொடுத்துவிட்டார். நான்காவது அத்தியாயம் இன்னும் சரியாக வரவில்லை.

அப்பா விவசாயம். சொந்த நிலம் கொஞ்சம், கோயில் நிலம் குத்தகைக்குக் கொஞ்சம். இந்தக் குறுவையில் அறுத்த நெல் கொள்முதல் நிலைய வாசலில் கிடந்தபோது மழை பிடித்துக்கொண்டது. ஈரப்பதம் 17 சதவீதத்துக்குள் இருந்தால்தான் எடுப்பார்கள். அப்பாவும் அம்மாவும் ரோட்டில் கொட்டிக் காயவைத்து, மறுபடி நனைந்து, முளைவிட்டது போக மீதியைத்தான் போட்டார்கள். அம்மாவின் நகை சொசைட்டியில் அடகில் இருக்கிறது. தம்பி பாலிடெக்னிக் படிக்கிறான்.

சென்னையில் ஒரு உணவுப் பரிசோதனை லேபில் அனலிஸ்ட் வேலை கிடைத்திருக்கிறது. பால், மசாலாப் பொடி, இறால் எல்லாவற்றிலும் கிருமி எண்ணிக்கை பார்க்கும் வேலை. சம்பளம் 38,000. வாரம் ஆறு நாள், காலை 9 முதல் மாலை 6 வரை. ஆறு மாதம் புரோபேஷன். பத்து நாளில் பதில் சொல்லச் சொல்லியிருக்கிறார்கள். வாராவாரம் சனிக்கிழமை ராத்திரி உழவன் எக்ஸ்பிரஸில் ஏறி ஊருக்கு வந்து, ஞாயிற்றுக்கிழமை எழுதி முடித்துவிடலாம் என்று நினைக்கிறேன்.

கைடிடம் இன்னும் சொல்லவில்லை. "வேலைக்குப் போன யாரும் திரும்பி வந்து முடிச்சதில்ல" என்று அவர் முன்பு ஒரு சீனியரைப் பற்றிச் சொன்னார். அந்த அக்காவின் தீசிஸ் இன்றுவரை அப்படியேதான் கிடக்கிறது. கைடு அனுப்பிய மெயில்களை நான் திறக்கவே இல்லை. வாசலில் அவர் கார் நின்றால் பின்பக்கப் படி வழியாக லேபுக்குப் போகிறேன்.

அம்மா, "கெடச்சத விடாத" என்கிறார். அப்பா ஒரே ஒரு முறை, "முடிச்சிட்டுப் போயேன்மா" என்றார். ஊரில் என்னை இப்போதே டாக்டர் பொண்ணு என்றுதான் கூப்பிடுகிறார்கள். ராத்திரி மூன்று மணிக்கு விழிப்பு வந்தால் அப்புறம் தூக்கமில்லை. ஐந்து வருடம் அரசாங்கப் பணம் வாங்கிவிட்டு முடிக்காமல் போனால் அது ஏமாற்று இல்லையா? வேலைக்குப் போகட்டுமா, வேண்டாமா?

– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, தஞ்சாவூர் மாவட்டம்

*

அன்புள்ள சகோதரிக்கு,

வேலைக்குப் போங்கள். நகை அடகில் இருக்கும் வீட்டில், கையில் வருமானம் இல்லாமல் உட்கார்ந்து எழுதினால் எழுத்து ஓடாது. மாதக் கடைசி வந்தாலே மனம் வேறு கணக்குப் போடும். உங்கள் படிப்புக்கு நெருக்கமான வேலையாகவும் இருக்கிறது. ஆனால் இப்போது நீங்கள் கிளம்ப நினைக்கிற மாதிரி, பின்பக்கப் படி வழியாகப் போகாதீர்கள்.

உங்கள் கடிதத்தைப் பல முறை படித்தேன். வேலை நேரம், சம்பளம், ரயில், நெல்லின் ஈரப்பதம் என்று எல்லாவற்றையும் விவரமாக எழுதியிருக்கிறீர்கள். நான்காவது அத்தியாயத்தைப் பற்றி மட்டும் "இன்னும் சரியாக வரவில்லை" என்று ஒரே வரி. என்ன சரியாக வரவில்லை? சோதனை நீங்கள் எதிர்பார்த்த முடிவைத் தரவில்லையா? எல்லாத் தொட்டியிலும் நாற்று ஒரே மாதிரி வளரவில்லையா? இல்லை, எண்கள் இருக்கின்றன, எழுதத்தான் வரவில்லையா? இதற்கு என்னிடம் பதில் இல்லை. உங்கள் கைடுக்கும் தெரியாது, நீங்கள் காட்டவில்லை. உங்களைத் தூங்கவிடாமல் செய்வது சென்னை வேலை இல்லை, இந்த ஒரு வரிதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

இதைச் சோம்பேறித்தனம் என்று நான் நினைக்கவே இல்லை. சோம்பேறி யாரும் வேதாரண்யம் வெயிலில் மண் அள்ளிக்கொண்டு திரியமாட்டார்கள். நடப்பது வேறு. மெயிலைத் திறக்காமல் மூடிவைத்தால் அந்த நிமிடம் மனம் லேசாகிறது. அந்த நிம்மதி பிடித்துப்போய், அடுத்த மெயிலையும் மூடச் சொல்கிறது. ஒவ்வொரு முறை தவிர்க்கும்போதும் அடுத்த முறை திறப்பது இன்னும் கஷ்டமாகிறது. கைடு உண்மையில் என்ன எழுதியிருக்கிறார் என்று தெரியாததால், இருப்பதிலேயே கடுமையான வார்த்தைகளை மனமே எழுதிக்கொள்கிறது. ராத்திரி மூன்று மணிக்கு நீங்கள் வாசிப்பது அந்த மெயிலைத்தான். ஒரு வேளை அவர் அனுப்பியது டாக்டரல் கமிட்டி (டிசி) மீட்டிங் தேதியாகக்கூட இருக்கலாம்.

இந்த நேரத்தில்தான் வேலை வந்திருக்கிறது. அது வீட்டுக்கு உதவி, உங்களுக்குத் தப்பிக்க ஒரு வழி. இரண்டும் சேர்ந்தே இருக்கட்டும், அதில் தப்பில்லை. ஆனால் கைடிடம் சொல்லாமல் போய்விட்டால், அந்தப் பயம் உங்களோடு ரயிலேறி சென்னைக்கும் வரும். லேப் அக்காவின் தீசிஸ் அப்படியே கிடக்கிறது என்றீர்கள். அவர் வேலைக்குப் போனதுதான் காரணமா, அல்லது போன பிறகு கைடின் முகத்தைப் பார்க்க முடியாமல் போனதா? அவரிடமே ஒரு போன் செய்து கேளுங்கள். யாருடைய அறிவுரையைவிடவும் அவர் சொல்வது உங்களுக்கு உதவும்.

இனி செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். நாளைக்கே மெயில்களைத் திறங்கள். தனியாக முடியாவிட்டால் லேபில் நம்பிக்கையான ஒருவரைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு திறங்கள், அல்லது அவரையே வாசிக்கச் சொல்லுங்கள். அப்புறம் நான்காவது அத்தியாயம் எந்த நிலையில் இருக்கிறதோ அப்படியே, பாதி வாக்கியத்தில் நின்றிருந்தாலும், அட்டவணை மட்டும் இருந்தாலும், கைடுக்கு அனுப்பிவிடுங்கள். நீளமாக மன்னிப்பெல்லாம் எழுத வேண்டாம். அனுப்பிவிட்டு நேரில் போய்ப் பாருங்கள். "மேடம், ஃபெல்லோஷிப் முடிஞ்சுபோச்சு. வீட்டு நிலைமை இது. சென்னையில வேலை கிடைச்சிருக்கு, போகணும். தீசிஸை முடிக்கணும்னுதான் நினைக்கிறேன். நாலாவது சாப்டர் இந்த அளவுலதான் இருக்கு. பார்ட் டைமா மாத்திக்க உங்க கையெழுத்து வேணும்." இவ்வளவு போதும். அவர் கோபப்படலாம். ஐந்து வருடம் கூடவே இருந்த மாணவி கண்ணில் படாமல் திரிந்தால் யாருக்கும் வருத்தம் இருக்கத்தான் செய்யும். கோபித்துக்கொண்டாலும் எழுந்து வந்துவிடாதீர்கள். கொஞ்சம் பொறுத்து, "எது முக்கியமா மாறணும் மேடம்?" என்று கேளுங்கள். பேச்சு அத்தியாயத்தின் பக்கம் திரும்பிவிட்டால் பாதிக் கஷ்டம் தீர்ந்த மாதிரி.

பார்ட் டைமாக மாறுவதை அலட்சியமாக விடாதீர்கள். முழுநேர ஸ்காலராகப் பதிவில் இருந்துகொண்டே, சொல்லாமல் வேலையில் சேர்ந்தால் பின்னால் சிக்கல் வரும். பல பல்கலைக்கழகங்களில் முழுநேரத்திலிருந்து பகுதிநேரத்துக்கு மாற வழி உண்டு. பகுதிநேர ஆராய்ச்சிக்கு வேலை தரும் இடத்திலிருந்து என்ஓசி (ஆட்சேபம் இல்லை என்ற கடிதம்) கேட்பார்கள். ஆகவே சேர்வதற்கு ஒப்புக்கொள்ளும் முன்பே அந்த லேபின் ஹெச்.ஆர்.இடம், "தீசிஸ் எழுதும் கட்டத்தில் இருக்கிறேன், என்ஓசி தருவீர்களா, வைவா (வாய்மொழித் தேர்வு) சமயத்தில் லீவு கிடைக்குமா" என்று கேட்டு மெயிலில் பதில் வாங்கிக்கொள்ளுங்கள். இத்தனை காலம் வேலையை விடக் கூடாது என்று பாண்ட் ஏதாவது இருக்கிறதா என்றும் பாருங்கள். சேரும் தேதியை நாலைந்து வாரம் தள்ளிக் கேட்பதில் ஒன்றும் தவறில்லை, பல இடங்களில் ஒப்புக்கொள்வார்கள்.

காலக்கெடு பற்றியும் பயம் இருக்கும். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2016 விதிமுறையும் சரி, அதற்குப் பிறகு வந்த 2022 விதிமுறையும் சரி, பி.எச்டி.க்கு ஆறு வருடம் என்று வைத்து, பெண்களுக்கு மேலும் இரண்டு வருடம் தளர்வு தருகின்றன. பலருக்கு இது தெரிவதே இல்லை. நீங்கள் எந்த விதிமுறையின் கீழ் பதிவு செய்தீர்கள், அந்தத் தளர்வுக்கு எப்போது விண்ணப்பிக்க வேண்டும் என்று ஆராய்ச்சிப் பிரிவில் கேட்டு, கெடு முடிவதற்குள் எழுத்தில் ஆணை வாங்கிவிடுங்கள்.

லேபை விட்டுப் போகும்போது நோட்டுகளை ஒவ்வொரு பக்கமாகப் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். எண்கள் இருக்கும் கோப்புகளை இரண்டு இடத்தில் வையுங்கள். மைனஸ் எண்பது டிகிரி ஃப்ரீசரில் உங்கள் பாக்டீரியாக்களைச் சேமித்துவைத்த கல்ச்சர் பெட்டி இருக்கும். சிறிய குழாய்களின் மேல் மார்க்கரில் எழுதியது அழிந்துகொண்டே வரும், நீங்கள் பார்த்திருப்பீர்கள். எது எந்த ஊர் மண்ணிலிருந்து வந்தது என்று ஒரு பட்டியல் எழுதி, கைடுக்கு ஒன்று, ஜூனியருக்கு ஒன்று கொடுங்கள். திருத்தத்தின்போது ஏதாவது ஒரு சோதனையைத் திரும்பச் செய்யச் சொன்னால், அந்தப் பட்டியல் இல்லாமல் யாராலும் உங்களுக்கு உதவ முடியாது.

வாராவாரம் ஊருக்கு வந்து ஞாயிற்றுக்கிழமை எழுதும் திட்டம் நடக்காது. ஆறு நாள் வேலை பார்த்துவிட்டு ராத்திரி ரயிலில் வந்து இறங்கினால் பாதி நாள் தூக்கத்தில் போகும். மீதி நாள் வீட்டு வேலை, வந்துபோகும் உறவுக்காரர்கள். சாயங்காலம் மறுபடி பெட்டி கட்ட வேண்டும். மாதம் ஒரு முறை ஊருக்கு வாருங்கள், வந்தால் லேப்டாப்பைத் திறக்காதீர்கள். மற்ற ஞாயிறுகளில் ஹாஸ்டலிலோ ஏதாவது நூலகத்திலோ காலை மட்டும் எழுதுங்கள். வேலை நாளில் முடிந்தால் கிளம்பும் முன் அரை மணி நேரம். மாலையில் களைத்து வந்து எழுதுவதை நம்பாதீர்கள். சேர்ந்த முதல் மாதம் ஒரு வரிகூட ஓடாது. அதற்காகப் பதற வேண்டாம். புது இடம் பழகட்டும்.

அரசாங்கப் பணம் வாங்கி ஏமாற்றுகிறேனா என்று கேட்டீர்கள். ஃபெல்லோஷிப் ஆராய்ச்சி செய்வதற்காகக் கொடுத்தது. நீங்கள் செய்திருக்கிறீர்கள். கட்டுரை வெளிவந்திருக்கிறது. இதில் ஏமாற்று எங்கே இருக்கிறது? ஆனால் அந்தப் பெரியவர் கேட்ட கேள்விக்குப் பதில் பாக்கி. அதற்கு டாக்டர் பட்டம் வேண்டியதில்லை. இது வரை கண்டுபிடித்ததை இரண்டு பக்கத்தில், சாதாரணத் தமிழில் எழுதி, மண் எடுத்த ஊர்களில் கொடுத்துவிட்டு வாருங்கள். நாற்றுக்குப் பெரிதாக உதவவில்லை என்பதுதான் முடிவு என்றால் அதையும் சொல்லுங்கள், அதுவும் அவர்களுக்குத் தேவையான செய்திதான். அதை எழுதும்போதே நான்காவது அத்தியாயம் எங்கே மாட்டிக்கொண்டது என்று உங்களுக்குப் பிடிபடவும் கூடும்.

அப்பாவிடம் தனியாகப் பேசுங்கள். "முடிச்சிட்டுப் போயேன்மா" என்று அவர் சொன்னதில் ஊர்ப் பேச்சுக்கான கவலை எவ்வளவு, தன் கடனுக்காகப் பெண்ணின் படிப்பு நின்றுவிட்டதே என்ற வருத்தம் எவ்வளவு என்று நமக்குத் தெரியாது. எனக்கென்னவோ இரண்டாவதுதான் அதிகம் என்று படுகிறது. வேலையோடு சேர்த்து முடிக்கப் போகிறேன், இன்ன தேதிக்குள் சினாப்சிஸ் (தீசிஸுக்கு முன் தரும் ஆய்வுச் சுருக்கம்) கொடுப்பதாகக் கைடிடம் பேசியிருக்கிறேன் என்று சொல்லுங்கள். நகையை மீட்க மாதம் எவ்வளவு, எத்தனை மாதம் என்றும் உட்கார்ந்து கணக்குப் போடுங்கள். தொகை இல்லாமல் "முடிந்ததை அனுப்புகிறேன்" என்று போனால், நீங்கள் எவ்வளவு அனுப்பினாலும் குறைவாகவே தோன்றும்.

ஒரு வருடம் கழித்துப் பார்க்கும்போது, முயன்றும் நகரவில்லை, வேலையிலேயே மனம் ஒன்றிவிட்டது என்றால், கைடிடம் சொல்லிப் பதிவை முறையாக விட்டுவிடலாம். அந்த உரிமையும் உங்களுக்கு உண்டு. அப்போது ஊரில் இரண்டு நாள் பேசுவார்கள், அப்புறம் அடுத்த போகத்துக்குத் தண்ணீர் எப்போது திறப்பார்கள் என்று பேசப் போய்விடுவார்கள்.

கைடிடம் பேசிய பிறகும் இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கம் வராமல் இருந்தாலோ, நெஞ்சு படபடப்பு, எதிலும் பிடிப்பில்லாமை என்று தொடர்ந்தாலோ டாக்டரைப் பாருங்கள். தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. வாழவே வேண்டாம் என்கிற மாதிரி எண்ணம் எட்டிப்பார்த்தால் ஒரு நாள்கூடக் காத்திருக்காதீர்கள். 14416 என்ற அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண்ணில் எந்த நேரத்திலும் இலவசமாகத் தமிழில் பேசலாம்.

பதில் சொல்ல இருக்கும் பத்து நாளில் முதலில் கைடைப் பாருங்கள். ஹெச்.ஆர்.இடம் என்ஓசி பற்றிக் கேட்பது அதற்கு அடுத்து. அந்தப் பதில் மெயிலில் வந்த பிறகு, சேருகிறேன் என்று எழுதிப் போடுங்கள்.