குருத்து விரிந்தபின் திரும்பச் சுருளுமா?

கேள்வி: ஸ்டெம் செல்லைச் சிலர் 'தண்டு செல்' என்று எழுதுகிறார்கள். அப்படியென்றால் அது முதுகுத்தண்டில் இருக்கும் செல்லா?

இல்லை. இது சொல் செய்த குழப்பம். ஜெர்மானிய அறிஞர் எர்ன்ஸ்ட் ஹெக்கல் 1868-இல் 'ஷ்டாம்ட்செல்லே' என்று எழுதியபோது அவர் மனதில் இருந்தது வம்சாவளி மரத்தின் அடிமரம். அது ஆங்கிலத்துக்குப் போய் ஸ்டெம் ஆனது, அங்கிருந்து தமிழுக்கு வந்து தண்டு ஆனது, தண்டு என்றதும் நமக்கு முதுகுத்தண்டு ஞாபகம் வருகிறது, அவ்வளவுதான் கதை.

'குருத்தணு' என்றும் ஒரு சொல் இருக்கிறது, எனக்கு அதுதான் பிடிக்கும். வாழைக் குருத்து எப்படி இருக்கும்? சுருண்டு, வெளிர்பச்சையாக, இன்னும் இலை என்று சொல்ல முடியாமல். அதுபோல இன்னும் எதுவாகவும் ஆகாத செல். ஆனால் அது மட்டும் போதாது. பிரியும்போது தன்னைப் போன்ற செல்லையும் உண்டாக்கி இருப்பில் வைக்க வேண்டும், வேறு வேலைக்குப் போகிற செல்லையும் உண்டாக்க வேண்டும். இரண்டும் செய்தால்தான் ஸ்டெம் செல்.

கேள்வி: இது கருவில் மட்டும்தான் இருக்குமா?

பெரியவர்களிடமும் உண்டு, ஆனால் கெட்டிக்காரத்தனம் குறைவு. கரு உண்டாகி ஐந்து நாள் ஆனபோது அது ஒரு குட்டிப் பந்து. அதற்குள் ஒரு பக்கமாக ஒட்டிக்கொண்டிருக்கும் கொஞ்சம் செல்களால் மூளை, எலும்பு, தோல் என்று உடம்பின் எந்தச் செல்லாகவும் ஆக முடியும். வளர்ந்த உடம்பில் இருப்பவை ஒவ்வொரு குடும்பத்துக்குள் அடங்கிவிட்டவை: எலும்பு மஜ்ஜையில் இருப்பது ரத்தச் செல்களைத் தரும், குடலின் சின்னச் சின்னக் குழிகளுக்கு அடியில் இருப்பது குடலின் உள்பூச்சைத் தரும். அந்த உள்பூச்சு நாலைந்து நாளுக்கொரு முறை முழுக்கப் புதிதாகிவிடுகிறது! இதயத் தசைக்கு இந்த வசதி இல்லை, வருடத்துக்கு ஒரு சதவீதம் அளவுக்குக்கூடப் புதுப்பிப்பது கஷ்டம். மாரடைப்பில் செத்த தசை இருந்த இடத்தில் வெறும் தழும்பு விழுவது அதனால்தான்.

கேள்வி: எல்லாச் செல்லிலும் ஒரே டிஎன்ஏ என்கிறார்கள். பிறகு ஒன்று ரத்தமாகவும் ஒன்று நரம்பாகவும் ஆவது எப்படி? யார் சொல்லிக்கொடுக்கிறார்கள்?

இந்தப் பகுதிக்கு வந்ததிலேயே எனக்குப் பிடித்த கேள்வி. நாம் பொதுவாக என்ன நினைக்கிறோம் என்றால், வளர வளர செல் புதிதாக எதையோ கற்றுக்கொள்கிறது என்று. உண்மையில் பெரும்பாலும் அது கதவுகளைச் சாத்திக்கொண்டே போகிறது. சுமார் 20,000 மரபணுக்கள், எல்லாச் செல்லிலும் அதே பட்டியல் (நோய் எதிர்ப்புச் செல்கள் தங்கள் டிஎன்ஏவில் கொஞ்சம் வெட்டி ஒட்டுகின்றன, அது தனிக்கதை). ஹீமோகுளோபின் செய்யும் மரபணு உங்கள் கண் செல்லிலும் இருக்கிறது, ஆனால் அங்கே டிஎன்ஏ இழை புரத உருண்டைகளில் இறுக்கிச் சுற்றப்பட்டுக் கிடக்கும், யாரும் படிக்க முடியாது. எது திறந்திருக்கிறது, எது மூடியிருக்கிறது என்பதுதான் கண்ணுக்கும் ரத்தத்துக்கும் உள்ள வித்தியாசம்.

திறக்கும் வேலையைச் செய்ய சில புரதங்கள் இருக்கின்றன. மயோடி என்று ஒன்று, 1987-இல் அதன் மரபணுவை எலியின் இணைப்புத் திசுச் செல்களில் செலுத்திப் பார்த்தார்கள், அவை தசைச் செல்களாகிவிட்டன. ஒரே ஒரு மரபணு!

சரி, அந்தப் புரதங்களை யார் கிளப்பிவிடுவது? அக்கம்பக்கம்தான். பக்கத்துச் செல் அனுப்பும் ரசாயனச் சமிக்ஞை, ரத்தத்தில் வரும் ஹார்மோன், உட்கார்ந்திருக்கும் இடம் மெத்தென்று இருக்கிறதா கெட்டியாக இருக்கிறதா என்பதுகூட. மஜ்ஜையையே எடுத்துக்கொள்ளுங்கள். ரத்தத்தில் ஆக்சிஜன் குறைந்தால் அதைக் கவனிப்பது சிறுநீரகம், உடனே எரித்ரோபொய்டின் என்ற ஹார்மோனை அனுப்புகிறது, மஜ்ஜையில் சிவப்பணு ஆகும் வழியில் இருக்கும் செல்கள் சாகாமல் பிழைத்துப் பெருகுகின்றன. சிறுநீரகம் பழுதானவர்களுக்கு ரத்தசோகை வருவது ஏன் என்று இப்போது புரிந்திருக்கும்.

சிவப்பணு உருவாகும் கடைசிக் கட்டத்தை மட்டும் கிட்டப் போய்ப் பார்ப்போம். நடுவில் ஒரு பெரிய விழுங்கு செல், அதைச் சுற்றிக் குழந்தைகள் மாதிரி ஒட்டிக்கொண்டு இளம் செல்கள். சாயம் போட்டுப் பார்த்தால் முதலில் நீலமாகத் தெரியும், உள்ளே ஹீமோகுளோபின் நிரம்ப நிரம்ப சாம்பலும் இளஞ்சிவப்பும் ஏறும், உட்கரு சுருங்கிக் கறுத்து ஓரத்துக்குத் தள்ளப்படும், ஒரு கட்டத்தில் செல் அதை வெளியே துப்பிவிடும். நடுவில் இருக்கும் விழுங்கு செல் அதைத் தின்று தீர்க்கும். உட்கருவை இழந்த இளம் செல்லால் இனி பிரிய முடியாது, தன்னைப் பழுதுபார்த்துக்கொள்ளவும் வழியில்லை, சுமார் 120 நாள் ஆக்சிஜன் சுமந்துவிட்டு முடிந்துபோகும். இப்படி ஒரு நொடிக்கு ஏறக்குறைய 20 லட்சம் சிவப்பணுக்கள் நமக்குள் தயாராகின்றன.

கேள்வி: ஒருமுறை தோலாகிவிட்டால் அவ்வளவுதானா? திரும்பவே முடியாதா?

முடியாது என்றுதான் ரொம்ப நாள் நம்பினார்கள். 1962-இல் இங்கிலாந்தின் ஜான் கர்டன், தவளைக் குஞ்சின் குடல் செல்லிலிருந்து உட்கருவை எடுத்து, உட்கரு நீக்கிய முட்டையில் வைத்தார். அது வளர ஆரம்பித்தது. ஆக, சாத்திய கதவுகளைப் பூட்டி யாரும் சாவியைத் தூக்கி எறியவில்லை. அதே வருடம் ஜப்பானில் பிறந்த ஷின்யா யமனாகா 2006-இல் முட்டையே இல்லாமல் இதைச் செய்தார். 24 மரபணுக்களில் ஆரம்பித்து ஒவ்வொன்றாகக் கழித்துப் பார்த்ததில் நான்கு போதும் என்று தெரிந்தது, எலியின் சாதாரணச் செல்லுக்குள் அவற்றைச் செலுத்தினால் அது கருநிலைக் குருத்தணு போல ஆகிவிடுகிறது. அடுத்த வருடமே மனிதச் செல்லிலும் சாதித்தார். 2012-இல் இருவருக்கும் சேர்த்து நோபல் பரிசு. விரிந்த இலை திரும்பச் சுருண்டுவிட்டது என்றே சொல்லலாம்.

ஒரு வில்லங்கம் உண்டு. அந்த நான்கில் ஒன்று புற்றுநோயோடு தொடர்புள்ள மரபணு. அதுவும் போக, எதுவாகவும் ஆகக்கூடிய செல்லை அப்படியே உடம்பில் போட்டால் கட்டியாக வளரும், சில சமயம் உள்ளே முடியும் பல்லும்கூட இருக்கும்.

கேள்வி: மூட்டுவலி, சர்க்கரை, நரம்புத் தளர்ச்சி எல்லாவற்றுக்கும் ஒரே ஸ்டெம் செல் ஊசி என்று விளம்பரம் பார்த்தேன். போடலாமா?

எல்லா நோய்க்கும் ஒரே ஊசி என்று யார் சொன்னாலும் பர்ஸை மூடிக்கொண்டு வந்துவிடுங்கள். மேலே படித்தீர்களே, எந்தச் செல்லாக மாறுவது என்பது அக்கம்பக்கத்தைப் பொறுத்தது. சும்மா ஊசியில் ஏற்றினால் அது தானே போய்க் குருத்தெலும்பாகிவிடும் என்பது நப்பாசை. பல நோய்களுக்கு முறையான ஆய்வுகள் நடக்கின்றன, அது வேறு விஷயம். அவற்றில் சேர்பவர்களிடம் காசு கேட்பது வழக்கமில்லை.

பல பத்தாண்டுகளாக நிரூபணமாகி நிற்பது எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சை, முக்கியமாக ரத்தப் புற்றுநோய் போன்ற ரத்த நோய்களுக்கு. கொடையாளியின் குருத்தணுக்களை ரத்தம் ஏற்றுவது போலவே நாளத்தில் ஏற்றுகிறார்கள். அவை தாமாகவே வழி கண்டுபிடித்து எலும்புக்குள் போய்க் குடியேறி, சில வாரங்களில் புது ரத்தச் செல்களை அனுப்பத் தொடங்கும். கொடையாளியின் ரத்த வகை வேறாக இருந்தால், சில மாதங்களில் நோயாளியின் ரத்த வகையே மாறிவிடும்.