கேள்வி – பதில்: குடும்ப சிகிச்சையாளர் சங்கங்களும் அவற்றின் தன்னார்வக் குழுக்களும்

கேள்வி: தம்பதியர், குடும்பத்தினரின் உறவுச் சிக்கல்களைப் பேசித் தீர்க்க உதவும் குடும்ப சிகிச்சையாளராக உரிமம் பெற்று மூன்று ஆண்டுகள் ஆகின்றன. நான் உறுப்பினராக உள்ள தொழில்முறைச் சங்கம், தன் குழுக்களில் ஒன்றில் சேருமாறு என்னை அழைத்திருக்கிறது. ஊதியம் கிடையாது. மாலை நேரங்களிலும் சிகிச்சை அளிக்க வேண்டியிருக்கும் எனக்கு இதனால் என்ன பயன்? எந்தக் குழுவில் சேரலாம்?

பதில்: அழைப்பை ஏற்பதற்கு முன் அந்தக் குழுவின் பணி வரையறையை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். குழு தானே முடிவெடுக்குமா, செயற்குழுவுக்குப் பரிந்துரை மட்டும் செய்யுமா, பதவிக்காலம் எவ்வளவு, மாதத்துக்கு எத்தனை மணி நேரம் தேவைப்படும் என்ற கேள்விகளுக்குத் தெளிவான விடை கிடைக்காவிட்டால், விடை கிடைக்கும்வரை சேர்வதைத் தள்ளிப்போடலாம்.

பயனைப் பற்றிக் கேட்கிறீர்கள். நீங்கள் பெற்றுள்ள உரிமம் போன்ற ஒன்று எப்படி உருவாகிறது என்பதற்கு அமெரிக்காவின் வரலாறு நல்ல சான்று. அங்கே 1942-இல் திருமண ஆலோசகர்களின் சங்கமாகத் தொடங்கிய அமைப்புதான் இன்று அமெரிக்கத் திருமண மற்றும் குடும்ப சிகிச்சைச் சங்கமாக வளர்ந்திருக்கிறது. இத்தொழிலுக்கான உரிமச் சட்டத்தை முதலில் 1963-இல் கலிபோர்னியா இயற்றியது. ஐம்பது மாநிலங்களுக்கும் அது பரவி முடிய 2009 வரை ஆயிற்று. இடைப்பட்ட 46 ஆண்டுகளில் மாநிலந்தோறும் மசோதா வரைவுகளைப் படித்துத் திருத்தம் சொன்னவர்களிலும், சட்டமன்ற உறுப்பினர்களைச் சந்தித்து இத்தொழில் எதைச் செய்கிறது என்று பொறுமையாக விளக்கியவர்களிலும் பலர் ஊதியம் ஏதும் பெறாத சங்க உறுப்பினர்களே. அந்த உழைப்பின் பலனை உறுப்பினர்களைக் காட்டிலும், தகுதியுள்ள சிகிச்சையாளர் யார் என்று அறிந்துகொள்ள வழி கிடைத்த குடும்பங்களே அதிகம் அடைந்தன. ஒரு குழுவில் சேர்வதற்கு இதைவிடச் சிறந்த காரணம் எனக்குத் தெரியவில்லை.

மூன்று ஆண்டு அனுபவத்துக்கு, மாநாட்டுக் குழுவோ பயிற்சித் தரத்தைக் கவனிக்கும் குழுவோ பொருத்தமாக இருக்கும். மாநாட்டுக்கு வரும் கட்டுரைச் சுருக்கங்களை எழுதியவர் பெயர் தெரியாமல் படித்து மதிப்பிடும்போது, துறையில் எவை விவாதிக்கப்படுகின்றன, எந்த முடிவுகளுக்குச் சான்று போதவில்லை என்பவை தாமாகவே பிடிபடும். புகார்களை விசாரிக்கும் நெறிமுறைக் குழுவுக்கு மட்டும் இன்னும் சில ஆண்டுகள் கழித்துச் செல்லுங்கள். பிறரது தவற்றை எடைபோடும் பொறுப்புக்கு நீண்ட சிகிச்சை அனுபவமும் மேற்பார்வை அனுபவமும் தேவை.

கேள்வி: நானும் என் கணவரும் ஒரு குடும்ப சிகிச்சையாளரிடம் சென்றுவந்தோம். அங்கே நாங்கள் பேசிய ஒரு செய்தியை அவர் என் கணவரின் அண்ணனிடம் சொல்லிவிட்டார். சங்கத்தின் நெறிமுறைக் குழுவில் புகார் அளிக்கலாம் என்று தோழி சொல்கிறார். அந்தக் குழுவில் இருப்பவர்களும் அதே தொழிலைச் செய்கிறவர்கள்தானே? தங்கள் ஆளைக் காப்பாற்றத்தானே பார்ப்பார்கள்?

பதில்: உங்கள் ஐயம் நியாயமானது. இத்தகைய குழுவை நடத்துகிற ஒவ்வொரு சங்கமும் அந்த ஐயத்துக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறது. நம்பத்தக்க குழுவுக்குச் சில அடையாளங்கள் உண்டு. புகாருக்கு உள்ளானவரோடு படித்த, பணியாற்றிய, அவரை மேற்பார்வை செய்த எந்த உறுப்பினரும் அந்த விசாரணையிலிருந்து விலகிக்கொள்ள வேண்டும். விலகியதும் பதிவாக வேண்டும். தொழிலைச் சாராத பொதுமக்கள் பிரதிநிதி ஒருவராவது குழுவில் இருப்பது மிக நல்லது. விசாரித்தவர்களே மேல்முறையீட்டையும் கேட்கக் கூடாது. இவை உங்கள் சங்கத்தில் உள்ளனவா என்று புகார் அளிக்கும் முன்பே எழுதிக் கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை.

இனி உங்கள் புகாருக்கே உரிய ஒரு சிக்கலைச் சொல்ல வேண்டும். தனிநபர் சிகிச்சையில் ரகசியம் ஒருவருக்கு உரியது. தம்பதியருக்கான சிகிச்சையில் அது இருவருக்கும் உரியது. அமெரிக்கச் சங்கத்தின் நெறிமுறைகள் இதை வெளிப்படையாகவே கூறுகின்றன: தம்பதியருக்கோ குடும்பத்துக்கோ சிகிச்சை அளிக்கையில், சட்டம் கட்டாயப்படுத்தும் சூழல்கள் நீங்கலாக, அனுமதி அளிக்கும் தகுதியுள்ள ஒவ்வொருவரின் எழுத்துபூர்வ ஒப்புதலும் இல்லாமல் சிகிச்சையாளர் செய்திகளை வெளியிடக் கூடாது. இந்த விதிதான் உங்கள் புகாருக்கு அடிப்படை. அதே விதி குழுவின் கைகளையும் கட்டுகிறது. சிகிச்சைப் பதிவேடுகளைக் குழு பார்வையிட வேண்டுமானால் உங்கள் ஒப்புதல் மட்டும் போதாமல், கணவரின் ஒப்புதலும் தேவைப்படலாம். அவர் மறுத்தால் விசாரணை நீங்கள் தரும் ஆவணங்களோடும் நேரடியாக அறிந்த செய்திகளோடும் நின்றுவிடக்கூடும். ஆகவே புகாரை அனுப்புவதற்கு முன்பே அவரிடம் பேசிப் பாருங்கள். அவரோடு பேசுவது உங்களுக்குப் பாதுகாப்பானதாக இல்லையென்றால், அதைப் புகாரிலேயே தெரிவித்துவிடுங்கள்.

குழுவால் செய்ய முடிந்தது என்ன, முடியாதது என்ன என்பதையும் அறிந்திருங்கள். கண்டிக்கலாம், கூடுதல் பயிற்சியும் மேற்பார்வையும் பெறுமாறு பணிக்கலாம், உறுப்பினர் பதவியை நீக்கலாம். உரிமத்தைப் பறிப்பது, உரிமம் வழங்கிய அரசு அமைப்பின் அதிகாரம். இழப்பீடு என்பது நீதிமன்றத்தின் வேலை. அந்தச் சிகிச்சையாளர் சங்கத்தில் உறுப்பினராகவே இல்லாவிட்டால் குழுவுக்கு அவர்மீது எந்த அதிகாரமும் இராது என்பதால், முதலில் அதை உறுதி செய்துகொள்ளுங்கள். சங்கத்திலும் உரிம அமைப்பிலும் ஒரே சமயத்தில் புகார் அளிப்பதற்குப் பொதுவாகத் தடை இல்லை.

புகாரில் நாள், யார் யாரிடம் என்ன சொன்னார்கள், உங்களுக்கு அது எப்படித் தெரியவந்தது என்பவற்றை மட்டும் வரிசையாக எழுதுங்கள். உங்கள் மனவேதனையைக் குறைத்து எழுத வேண்டியதில்லை. ஆனால் அதை நிகழ்ச்சிகளிலிருந்து பிரித்துத் தனிப் பத்தியாக எழுதினால் படிப்பவர்களுக்கு உதவியாக இருக்கும்.

கேள்வி: எங்கள் சங்கத்தில் ஒரு குழுவுக்குத் தலைவராக இருக்கிறேன். ஒன்பது பேரில் மூவர் மட்டுமே வேலை செய்கிறார்கள். மற்றவர்களில் இருவர், என்னிடம் எதுவும் சொல்லாமல் சங்கத் தலைவரை அழைத்து என்னைப் பற்றிக் குறை கூறுகிறார்கள். தன்னார்வலர்களை எப்படிக் கண்டிப்பது?

பதில்: இரண்டாவது செய்தியிலிருந்து தொடங்குகிறேன். இருவருக்கிடையே பதற்றம் மிகும்போது மூன்றாமவர் ஒருவரை உள்ளே இழுத்துத் தற்காலிக நிம்மதி தேடுவதை குடும்ப சிகிச்சையின் முன்னோடிகளில் ஒருவரான மனநல மருத்துவர் முரே போவன் 'முக்கோணம்' என்று அழைத்தார். சிகிச்சை அறையில் இதை நொடியில் கண்டுகொள்ளும் நாம், நமது குழுவில் நடக்கும்போது அதை அவரவர் குணக்கேடாகப் பார்த்துவிடுகிறோம். குறை கேட்கும் சங்கத் தலைவர், 'இதைக் குழுத் தலைவரிடம் சொன்னீர்களா? நாம் மூவரும் சேர்ந்து பேசலாமா?' என்று கேட்டாலே பாதிச் சிக்கல் அடங்கிவிடும். அதை அவரிடம் நீங்களே வேண்டுகோளாக வையுங்கள். அதே சமயம், அந்த இருவர் உங்களிடம் நேரில் சொல்லத் தயங்குவதற்கு உங்கள் கூட்டங்களில் ஏதேனும் காரணம் இருக்கிறதா என்றும் பாருங்கள். கூட்டம் முழுவதும் அறிக்கை வாசிப்பதிலேயே கழிந்தால், மாற்றுக் கருத்துக்கு இடம் இருக்காது. நார்வேயின் மனநல மருத்துவர் டாம் ஆண்டர்சன் 1987-இல் எழுதி அறிமுகப்படுத்திய பிரதிபலிப்புக் குழு முறையில், சிலர் பேச, மற்றவர்கள் குறுக்கிடாமல் கேட்டுவிட்டுப் பிறகு தாங்கள் கேட்டதைப் பற்றித் தமக்குள் பேசுவார்கள். முதலில் பேசியவர்கள் அதைக் கேட்பார்கள். சர்ச்சைக்குரிய ஒரு பொருளை ஒரு முறையேனும் இவ்வாறு விவாதித்துப் பாருங்கள்.

வேலை செய்யாதவர்களைக் கண்டிக்க வேண்டாம். தன்னார்வலரிடம் கண்டிப்பு பெரும்பாலும் விலகலில்தான் முடியும். 'எல்லோரும் சேர்ந்து செய்வோம்' என்று விடப்பட்ட பணி மூவரின் தலையில் விழுவதே வழக்கம் என்பதால், ஒவ்வொரு பணிக்கும் ஒரு பெயரும் ஒரு கடைசி நாளும் கூட்டக் குறிப்பில் இடம்பெறட்டும். ஆறு மாதம் எதுவும் செய்யாதவரைத் தனியே அழைத்து, அவருக்கு இப்போது நேரம் இருக்கிறதா என்று அன்போடு கேளுங்கள். மதிப்போடு விலக வழி திறந்திருந்தால் பலர் நன்றியோடு விலகுவார்கள். உறுப்பினர்களின் பதவிக்காலத்தை மூன்றில் ஒரு பங்கினருக்கு ஆண்டுதோறும் முடியுமாறு அமைக்கச் சங்க விதிகள் இடம் தருமானால் அதையும் செய்யுங்கள்; பழைய அனுபவம் குழுவில் தங்கியிருக்கவே புதியவர்களும் வந்துகொண்டிருப்பார்கள். உழைக்கும் அந்த மூவருக்கு உங்கள் முதல் கவனம் போகட்டும். அடுத்த ஆண்டு அவர்கள் களைத்து விலகிவிட்டால், குழு பெயரளவில்தான் இருக்கும்.

கேள்வி: பயிற்சி மாணவர்களைக் குழுக்களில் சேர்க்கலாமா?

பதில்: சேர்க்கலாம், வாக்குரிமையோடு. புகார் விசாரணைகளிலிருந்து மட்டும் அவர்களை விலக்கி வையுங்கள். தமது ஆசிரியரோ மேற்பார்வையாளரோ இருக்கும் குழுவில் மாணவரை அமர்த்தாதீர்கள். தம்மை மதிப்பிடப் போகிறவருக்கு எதிராக அவரால் மனம்விட்டு வாக்களிக்க முடியாது.