மாதொருபாகன் சிற்பத்தில் ஆண்பாகத்தையும் பெண்பாகத்தையும் பிரித்தறிவது எப்படி?

சிவனும் உமையும் ஒரே உடலாக இணைந்த இவ்வடிவில், சிற்பத்தின் வலப்பாதி (பார்ப்பவருக்கு இடப்புறம்) சிவன், இடப்பாதி உமை. மார்பையும் இடையையும் பார்த்தாலே தெரிந்துவிடும் என்றாலும், நான் முதலில் காதைத்தான் கவனிப்பேன். ஆணுக்குக் குழை, பெண்ணுக்குத் தோடு என்னும் வழக்கை ஒட்டியே, சம்பந்தரின் ‘தோடுடைய செவியன்’ என்ற தொடருக்கு உமையை இடப்பாகத்தில் கொண்டவன் என்று பொருள் சொல்கிறார்கள். சென்னை அரசு அருங்காட்சியகத்திலுள்ள திருவெண்காட்டுச் செப்புத்திருமேனியில், சிவனின் பாதிக்கு இரண்டு கைகளும் உமையின் பாதிக்கு ஒரே கையுமாக மூன்று கைகள் அமைந்திருக்க, ஆண்பாகத்தின் ஆடை தொடையோடு நின்றுவிடுகிறது. பெண்பாகத்தின் ஆடையோ கணுக்கால்வரை இறங்குகிறது. நெருப்பும் சூடும்போலச் சிவமும் சக்தியும் பிரிக்க முடியாதவை என்னும் சைவக் கருத்தின் வடிவம் இது. திருச்செங்கோட்டில் மூலவரே இக்கோலத்தில்தான் இருக்கிறார். சங்கரநாராயணர் வடிவில் இதே இடப்பாதி திருமாலுக்கு உரியது என்பதால், கையில் சங்கு தெரிந்தால் அது மாதொருபாகன் அல்ல.