‘வாரண்ட் இருக்கிறது’ என்று போன் வந்தால் சேமநிதியை எடுத்துவிட வேண்டுமா?

கேள்வி: எனக்கு 61 வயது. பிறையில் தொழிற்சாலை வேலையிலிருந்து போன வருடம் ஓய்வு பெற்றேன். கணவர் இறந்து மூன்று வருடமாகிறது. ஊழியர் சேமநிதியில் (இபிஎஃப்) 186,000 வெள்ளி இருக்கிறது. புக்கிட் மெர்தாஜாம் வீட்டிலிருந்து மாதம் 900 வெள்ளி வாடகை வருகிறது. போன வாரம் வருமான வரி வாரியம் என்று ஒருவர் அழைத்து, என் ஐசி (அடையாள அட்டை) எண்ணைச் சரியாகச் சொன்னார். என் பெயரில் ஒரு கம்பெனி இருக்கிறதாம், 38,000 வெள்ளி வரி பாக்கியாம், வாரண்டும் இருக்கிறதாம். ‘யாரிடமும் சொல்லாதீர்கள்’ என்றும் சொன்னார். பயத்தில் போனை வைத்துவிட்டேன். கணக்கை முடக்கும் முன் சேமநிதியை முழுவதும் எடுத்துவிடட்டுமா? மாதம் 3 விழுக்காடு தரும் இடத்தில் போடலாம் என்று தங்கை மகன் சொல்கிறான். ஐசியின் இரண்டு பக்கத்தையும் வாட்ஸ்அப்பில் கேட்கிறான்.
– வாசகி, பட்டர்வொர்த்

பதில்: அம்மா, போனை வைத்தீர்களே, அதுதான் சரி. பணத்தை எடுக்க வேண்டாம். ஐசி படத்தையும் அனுப்ப வேண்டாம்.

அந்த ஆள் உங்கள் எண்ணைச் சொன்னதில் மந்திரம் எதுவும் இல்லை. ஐசியின் 12 இலக்கங்களில் முதல் ஆறு உங்கள் பிறந்த தேதி. அடுத்த இரண்டு பிறந்த மாநிலம். பினாங்கு என்றால் 07. உங்கள் பிறந்தநாளும் ஊரும் தெரிந்தவனுக்கு எட்டு இலக்கம் கைக்கு வந்துவிட்டது. மிச்சத்தை நாம் எத்தனை பாரங்களில் எழுதிக் கொடுத்திருக்கிறோம்! எண்ணைச் சரியாகச் சொல்வதால் ஒருவர் அதிகாரி ஆகிவிடமாட்டார். வரி வாரியம் பணத்தைத் தனிநபர் கணக்கில் போடச் சொல்லாது. போலீஸும் ‘பாதுகாப்பான கணக்கு’ ஒன்றைத் தந்து அங்கே மாற்றச் சொல்லாது. உண்மையிலேயே பாக்கி இருக்கிறதா என்று பார்க்க, மகனையோ மகளையோ பக்கத்தில் வைத்துக்கொண்டு வரி வாரியத்தின் மைடேக்ஸ் தளத்தில் நீங்களே நுழைந்து பாருங்கள். அழைத்தவர் கொடுத்த எண்ணுக்குத் திருப்பிப் பேசாதீர்கள்.

சரி, வரி கட்ட வேண்டுமா? கணக்குப் போட்டுப் பார்ப்போம். வாடகை வருடத்துக்கு 10,800 வெள்ளி. சுக்காய் பிந்து (நகராண்மை வரி), நிலவரி, பழுதுபார்ப்புச் செலவைக் கழிக்கலாம். அவற்றை விட்டுவிட்டாலும், தனிநபர் கழிவு 9,000 போக மிஞ்சுவது 1,800. முதல் 5,000 வெள்ளிக்கு வரி விகிதம் பூஜ்ஜியம். ஆக, வேறு வருமானம் இல்லையென்றால் வரி இல்லை. சேமநிதியிலிருந்து எடுக்கும் பணத்துக்கும் அதன் லாப ஈவுக்கும் வரி இல்லை, வங்கி வைப்புத்தொகை வட்டிக்கும் இல்லை. ஆனால் வேலை பார்த்த காலத்தில் வரிக்கோப்பு திறந்திருந்தால், வரி பூஜ்ஜியமானாலும் பாரத்தை அனுப்பிவிடுங்கள். வாடகை ஒப்பந்தத்தையும் ரசீதுகளையும் ஏழு வருடம் பத்திரமாக வைத்திருங்கள். உங்கள் மருத்துவச் செலவைப் பிள்ளைகள் கட்டினால், பெற்றோர் மருத்துவக் கழிவாக 8,000 வெள்ளி வரை அவர்கள் கோரலாம். பலர் இதைக் கேட்பதே இல்லை.

சேமநிதிக்கு வருவோம். உங்கள் வயதில் பணத்தை எப்போது வேண்டுமானாலும், எவ்வளவு வேண்டுமானாலும் எடுக்கலாம். எடுக்காமல் விட்டால் 100 வயது வரை லாப ஈவு சேரும். வழக்கமான (ஷரியா முறை அல்லாத) சேமிப்புக்கு 2023-இல் 5.5 விழுக்காடும் 2024-இல் 6.3 விழுக்காடும் கொடுத்தார்கள். 6.3 என்றால் உங்கள் 186,000-க்கு வருடம் 11,718 வெள்ளி. வருடா வருடம் இதே அளவு கிடைக்கும் என்று சொல்லமாட்டேன், ஆனால் சட்டப்படி 2.5 விழுக்காட்டுக்குக் குறையக்கூடாது. மாதச் செலவுக்கு வேண்டியதை மட்டும் அவ்வப்போது எடுங்கள். ஆறு மாதச் செலவுத் தொகையை வங்கியில் வையுங்கள். உறுப்பு வங்கி ஒவ்வொன்றிலும் ஒருவருக்கு 250,000 வெள்ளி வரை பிஐடிஎம் (வைப்புத்தொகைக் காப்புறுதிக் கழகம்) காப்பு உண்டு.

மாதம் 3 விழுக்காடு என்றால் வருடத்துக்கு 36. சேமநிதியாலேயே தர முடியாத லாபத்தை உங்கள் தங்கை மகன் சொல்லும் இடம் எங்கிருந்து கொண்டுவரும்? பையன் கெட்டவன் என்று சொல்லவில்லை. இப்படிப்பட்ட திட்டங்களில் முதலில் ஏமாறுவது பெரும்பாலும் சேர்த்துவிடும் ஆள்தான். அந்த நிறுவனத்தின் பெயரை மத்திய வங்கியான பேங்க் நெகாராவின் எச்சரிக்கைப் பட்டியலிலும் பங்குச்சந்தை ஆணையத்தின் பட்டியலிலும் தேடச் சொல்லுங்கள். பட்டியலில் பெயர் இல்லை என்பதற்காக நம்பிவிட முடியாது. உரிமம் எங்கே என்று கேட்கச் சொல்லுங்கள். ‘பெரியம்மா, நம்பவில்லையா?’ என்பான். ‘உரிமத்தைக் காட்டுப்பா’ என்று சொன்னால் போதும்.

ஐசி நகல் தவிர்க்க முடியாத இடத்தில், நகலின் குறுக்கே இரண்டு கோடு போட்டு, எதற்காக, யாருக்கு, எந்தத் தேதி என்று எழுதிக் கொடுங்கள். முக்கிய எண்களை மறைக்காதபடி எழுதவும். உங்கள் பெயரில் யாராவது கடன் எடுத்திருக்கிறார்களா என்று பேங்க் நெகாராவின் இ-சிசிஆர்ஐஎஸ் என்னும் கடன் விவரத் தளம் மூலம் இலவசமாகப் பார்க்கலாம். கல்யாணப் பத்திரிகை என்று வாட்ஸ்அப்பில் வரும் ஏபிகே கோப்பை (செயலியை நிறுவும் கோப்பு) திறக்காதீர்கள். அது கைப்பேசிக்குள் புகுந்து வங்கியிலிருந்து வரும் குறுஞ்செய்திகளைப் படித்துவிடும். எப்போதாவது பணம் போய்விட்டால், வெட்கப்பட்டு உட்காராமல் உடனே தேசிய மோசடி தடுப்பு மையத்தின் 997 எண்ணையும் வங்கியையும் அழையுங்கள். பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்குத் தாவுவதற்குள் தடுக்க வேண்டும்.

கடைசியாக ஒன்று, நீங்கள் கேட்கவில்லை. சேமநிதியில் நாமினியாக இன்னும் கணவர் பெயர் இருக்கிறதா? நாமினி முன்பே இறந்துவிட்டால் அந்தப் பங்குக்கான நியமனம் செல்லாது. பிள்ளைகளின் ஐசி விவரங்களோடு சேமநிதி அலுவலகத்துக்குப் போய்ப் புதிதாகப் பெயர் போட்டுவிடுங்கள்.